மூணே மூணு நேரம்... மீதி நாள் குடும்பத்துக்கு! அம்பத்தூரிலிருந்து ஒரு பௌர்ணமிப் பயணம்

'காலை 5.00 மணி: அம்பத்தூர் ஓ.டி.யில் வேன் தயார். 6.15: முதல் கோயில். 7.00: டிபன். 7.30: இரண்டாவது கோயில்...' இப்படித் தொடங்கி, 'இரவு 9.30: வீடு திரும்புதல்' என்று முடியும் ஒரு செய்தி வராத குடும்ப வாட்ஸ்அப் குரூப்பே இருக்க முடியாது. ஒரே நாளில் ஒன்பது இடங்கள். பட்டியலைப் போடுபவர் பெரும்பாலும் ஒரு பெரியப்பாவாகவோ சித்தப்பாவாகவோ இருப்பார். 'எல்லாரும் ஒண்ணு சேர்றதே வருஷத்துக்கு ஒரு தடவை. வந்தது வந்தோம், எல்லாத்தையும் பார்த்துட்டுப் போயிடலாம்' என்பது அவர் கணக்கு.

அவருடைய அக்கறையில் குறை சொல்ல முடியாது. ஆனால், இரவு வேனை விட்டு இறங்கும்போது பாட்டியின் கால் வீங்கியிருக்கும். குழந்தைகள் அழுது ஓய்ந்திருப்பார்கள். வெளியூரிலிருந்து வந்த அத்தையும் அம்மாவும் பத்து நிமிடம்கூடச் சேர்ந்தாற்போல உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்கள்.

இதற்குப் பயந்து, திட்டமே இல்லாமல் கிளம்புகிறவர்களும் உண்டு. 'போற வழியில பார்த்துக்கலாம்' என்று புறப்பட்டு, பகல் 12.30-க்குக் கோயில் வாசலில் போய் நின்றால் நடை சாத்தியிருக்கும். மறுபடி திறக்க மாலை 4 மணி ஆகலாம். வெயிலில் எங்கே உட்காருவது, எங்கே சாப்பிடுவது என்று தெரியாமல், 'யார் இந்த நாளை ஃபிக்ஸ் பண்ணினது?' என்று பேச்சு திசை மாறும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. அதைக் கண்டுபிடிக்க எங்கேயும் போக வேண்டியதில்லை. அம்பத்தூருக்கு அடுத்த ரயில் நிலையமான திருமுல்லைவாயிலில் போய் முடியும் ஒரு பழைய பௌர்ணமி வழிபாட்டிலேயே அது இருக்கிறது. ஒரு நாளில் மூன்று அம்மன்கள். காலையில் ஒன்று, உச்சியில் ஒன்று, மாலையில் ஒன்று. அவ்வளவுதான் திட்டம். மீதி நேரத்தை யாரும் எழுதி வைக்கவில்லை.

கடிகாரம் ஓட்டும் ஊர்

முதலில் அம்பத்தூரைப் பற்றிக் கொஞ்சம். ஐம்பத்தோராவது ஊர் என்பதிலிருந்துதான் இந்தப் பெயர் வந்தது என்று உள்ளூரில் சொல்வார்கள். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது இந்த வழியாகத்தான். 1960-களில் தொழிற்பேட்டை வந்தது. ஏரியும் வயலுமாக இருந்த ஊர், லேத் பட்டறை, வார்ப்பாலை, வாகன உதிரிபாகத் தொழிற்சாலை, பிறகு ஐ.டி. அலுவலகங்கள் என்று மாறியது. 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்து அதன் 7-ஆவது மண்டலமானது.

இங்கே குடும்பங்களின் நாளைப் பிரிப்பது சூரியன் அல்ல, ஷிஃப்ட். அப்பாவுக்கு முதல் ஷிஃப்ட் என்றால் மகனுக்கு நைட் ஷிஃப்டாக இருக்கும். ஒருவர் லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடும்போது இன்னொருவர் அப்போதுதான் வந்து தூங்கப் போவார். வார விடுமுறையும் எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் வராது. ஒரே வீட்டில் இருந்தாலும் நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நாள் அபூர்வம்.

அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு நாள் கிடைக்கிறது. அந்த ஒரு நாளையும் 15 நிமிட இடைவெளியில் நறுக்கிக் கொடுத்தால், அது இன்னொரு ஷிஃப்ட்தானே? உறவுகள் கூடும் நாளைத் திட்டமிடுவதில் இருக்கும் உண்மையான சிக்கல் இதுதான். நாள் வீணாகவும் கூடாது. வேலை நாள் போலவும் ஆகிவிடக் கூடாது.

ஒரு பாறை, மூன்று அம்மன்கள்

மீஞ்சூருக்குப் பக்கத்தில் இருக்கும் மேலூரில் திருவுடை அம்மன். திருவொற்றியூரில் வடிவுடை அம்மன். திருமுல்லைவாயிலில் கொடியிடை அம்மன். இவர்களை முறையே இச்சா சக்தி, ஞான சக்தி, கிரியா சக்தி என்பார்கள். பௌர்ணமியன்று காலையில் மேலூர், நண்பகலில் திருவொற்றியூர், மாலையில் திருமுல்லைவாயில் என்று மூவரையும் ஒரே நாளில் தரிசிப்பது வழக்கம். வெள்ளிக்கிழமையோடு பௌர்ணமி சேர்ந்துவிட்டால் இன்னும் விசேஷம்.

இதற்கு ஒரு கதை சொல்வார்கள். அம்மன் சிலை செய்வதற்காக ஒரு சிற்பி பெரிய பாறையைக் கொண்டுவந்தார். வழியில் அது விழுந்து மூன்று துண்டாக உடைந்தது. மனம் உடைந்த சிற்பி உயிரை விடத் துணிந்தபோது அம்பாள் தோன்றி, 'மூன்று துண்டையும் மூன்று சிலையாகச் செய்' என்று சொன்னாளாம். அப்படி உருவானவர்கள்தான் இந்த மூவரும் என்பது நம்பிக்கை. திட்டம் போட்டபடி நடக்காமல் போனதிலிருந்து பிறந்த வழிபாடு இது!

மூன்று கோயில்களும் மூன்று திசையில் இருக்கின்றன. வேகமாக ஓடினால் இன்னும் நாலைந்து இடங்களைச் சேர்க்கலாம். ஆனால், வழக்கம் காலை, உச்சி, மாலை என்று பிரித்து வைத்திருப்பதால் ஓடத் தேவையே இல்லை. இரண்டு பெரிய இடைவெளிகள் தானாகவே கிடைக்கின்றன. குடும்பம் கூடுவது அந்த இடைவெளிகளில்தான்.

காலை: மேலூர்

அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் பக்கம் போய் வெளிவட்டச் சாலையைப் பிடித்தால் மீஞ்சூர் வந்துவிடும். வண்டலூரில் தொடங்கி மீஞ்சூரில் முடியும் இந்தச் சாலையின் மொத்த நீளம் 62 கி.மீ. காலையில் கிளம்பினால் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். மேலூரில் சுவாமியின் பெயர் திருமணங்கீஸ்வரர். மற்ற இரண்டு ஊர்களைவிட இங்கே கிராமத்தின் அமைதி இன்னும் மிச்சமிருக்கிறது.

7 மணிக்குத் தரிசனம் என்று வைத்துக்கொண்டால் 8 மணிக்குள் வெளியே வந்துவிடலாம். திருவொற்றியூருக்கு நண்பகலில் போனால் போதும். நடுவில் நாலு மணி நேரம். அதில் பயணம் ஒரு மணி நேரம். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் பாதை என்பதால் இன்னும் அரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். அப்படியும் இரண்டரை மணி நேரம் கையில் இருக்கும்.

இங்கேதான் பட்டியல் போடுபவருக்குக் கை துறுதுறுக்கும். 'மீஞ்சூரை வட காஞ்சின்னு சொல்வாங்க. ஏகாம்பரநாதர் இருக்கார், வரதராஜப் பெருமாள் இருக்கார். அப்படியே சிறுவாபுரி முருகனையும் ஒரு எட்டுப் பார்த்துட்டா...' என்று ஆரம்பிப்பார். பார்க்கக் கூடாது என்பதில்லை. ஆனால், 20 பேர் போகும் வேனுக்கு ஒவ்வொரு நிறுத்தமும் என்ன விலை கேட்கும் என்று ஒரு கணக்குப் போட வேண்டும். இறங்க, செருப்பு விட, பூ வாங்க, கழிப்பறை தேட, தலை எண்ண, 'சின்னவன் எங்கே?' என்று ஒருமுறை பதற, மறுபடி ஏற... சாமி கும்பிடும் நேரம் இல்லாமலே 20 நிமிடம் போய்விடும். ஒன்பது நிறுத்தம் என்றால் மூன்று மணி நேரம் செருப்பு மாட்டிக் கழற்றுவதிலேயே தீர்ந்துவிடும்.

அந்த இரண்டரை மணி நேரத்தை அப்படியே விட்டுவைத்தால் என்ன ஆகும்? இட்லியும் மிளகாய்ப் பொடியும் பிரிப்பார்கள். பெரியவர்கள் நிழல் பார்த்து உட்காருவார்கள். பெண்கள் பக்கம் ஒரு பேச்சு, ஆண்கள் பக்கம் ஒரு பேச்சு என்று தொடங்கி, பிறகு கலக்கும். காலேஜ் முடித்த பிள்ளை அடுத்து என்ன செய்யப் போகிறான் என்பது அப்போதுதான் மாமாவுக்குத் தெரியவரும். சாமிக்குப் போகணும் என்கிறவர்கள் பக்கத்துக் கோயிலுக்கு ஒரு நடை போய் வருவார்கள். டீ வேண்டும் என்கிறவர்கள் கடைக்குப் போவார்கள். எல்லோரும் எல்லாவற்றுக்கும் சேர்ந்து போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததே பெரிய நிம்மதி.

உச்சி: திருவொற்றியூர்

திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயில் சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். ஆதிபுரீஸ்வரருக்கு ஆண்டு முழுவதும் கவசம் சாத்தியிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி மூன்று நாட்கள் மட்டுமே கவசம் இல்லாமல் பார்க்க முடியும் என்பதால் அந்தச் சமயத்தில் கூட்டம் அலைமோதும். வடிவுடை அம்மன் சந்நிதியில் எல்லாப் பௌர்ணமிக்கும் கூட்டம் உண்டு. குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துப் போகிறவர்கள் 11 மணிக்கே வரிசையில் நின்றுவிடுவது நல்லது.

இந்த ஊருக்கும் மாலையில் போகப்போகும் திருமுல்லைவாயிலுக்கும் ஒரு தொடர்பு உண்டு. சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்தது திருவொற்றியூரில். உன்னைப் பிரியமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து கொடுத்தார். ஆனால், திருவாரூர் நினைவு வந்து ஊர் எல்லையைத் தாண்டியதும் கண் பார்வை போய்விட்டது. பார்வை இல்லாமல் நடந்த அவர் வந்து பாடிய தலங்களில் ஒன்றுதான் திருமுல்லைவாயில். வேனில் போகும்போது பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை வேண்டுமா?

பட்டினத்தார் சமாதியும் இந்த ஊரில் கடற்கரைப் பக்கம் இருக்கிறது. பெரும் வணிகராக இருந்து எல்லாவற்றையும் துறந்தவர் பட்டினத்தார். கடைசிக் காலத்தில் இந்த ஊர்ச் சிறுவர்களோடு ஒளிந்து விளையாடினார் என்றும், கூடையால் தன்னை மூடச் சொன்னார் என்றும், பிள்ளைகள் திறந்து பார்த்தபோது சிவலிங்கம்தான் இருந்தது என்றும் சொல்வார்கள். விருப்பமுள்ளவர்கள் மட்டும் போய்வரலாம். இந்தக் கரையில் கடல் அரிப்பைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். குழந்தைகளைத் தண்ணீர்ப் பக்கம் விடக் கூடாது.

12.30-க்குத் தரிசனம் முடிந்தால், திருமுல்லைவாயிலுக்கு மாலை 5.30-க்குப் போனால் போதும். நடுவில் ஐந்து மணி நேரம். மணலி, மாதவரம், ரெட்டேரி, பாடி வழியாக வண்டி திரும்பும்போது அம்பத்தூர் வந்துவிடும். இங்கேதான் அம்பத்தூர்க்காரர்களுக்கு ஒரு வசதி. மூன்றாவது கோயிலுக்கு முன்னால் வீடு வருகிறது! சாப்பிட்டு, பாட்டி காலை நீட்டிப் படுக்கலாம். குழந்தைகள் தூங்கலாம். மருந்து சாப்பிட வேண்டியவர்கள் நேரத்துக்குச் சாப்பிடலாம். மாலையில் முகம் கழுவி, பூ வைத்துக்கொண்டு, புதிதாகக் கிளம்பலாம்.

'மத்தியானம் தூங்கறதுக்கா லீவு போட்டு வந்தோம்?' என்று சிலருக்குத் தோன்றும். தூங்குகிறவர்கள் தூங்க, தூங்காத நாலு பேர் வெறும் தரையில் தலையணையைப் போட்டுக்கொண்டு பழைய ஆல்பத்தைப் புரட்டுவார்கள். வருஷம் முழுவதும் போனில் 'நல்லாயிருக்கியா, நல்லாயிருக்கேன்' என்று முடிந்துவிடும் விஷயங்கள் அந்த நேரத்தில்தான் கொஞ்சம் விரிவாக வெளியே வரும். கடன், உடம்பு, பிள்ளைகளின் கல்யாணம், பேசாமல் இருக்கும் தம்பி... இவற்றையெல்லாம் பேச '3.15 முதல் 3.30 வரை' என்று யாராலும் நேரம் ஒதுக்க முடியாது.

மாலை: திருமுல்லைவாயில்

திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலுக்குச் சுவாரசியமான தலபுராணம் உண்டு. குறும்பர்களோடு போரிட வந்த தொண்டைமான் மன்னனின் யானைக் கால்கள் முல்லைக் கொடியில் சிக்கிக்கொண்டன. கொடியை வாளால் வெட்டினான். ரத்தம் பீறிட்டது. விலக்கிப் பார்த்தால் சிவலிங்கம். செய்த தவறுக்குத் தன் உயிரையே கொடுக்கத் துணிந்த மன்னனை இறைவன் தடுத்தார். 'வெட்டுப்பட்டாலும் நான் மாசு இல்லாத மணியாகவே இருக்கிறேன்' என்றாராம். அதனால்தான் மாசிலாமணி என்ற பெயர்.

வெட்டுக் காயத்துக்காக லிங்கத்தின் மேல் எப்போதும் சந்தனக் காப்பு இருக்கும். சித்திரை மாதச் சதய நட்சத்திரத்தையொட்டித்தான் அதைக் களைவார்கள். மன்னனுக்குத் துணையாகப் போருக்குக் கிளம்பிய நிலையில் இருப்பதால், இங்கே நந்தி சுவாமியைப் பார்க்காமல் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். கருவறைக்கு முன்னால் இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள் இருப்பதும் இந்தக் கோயிலின் அதிசயம். எருக்கஞ்செடி தூணாகும் அளவுக்கு வளருமா என்று குழந்தைகள் கேட்பார்கள். நேரம் இருந்தால்தான் கேட்பார்கள். 'சீக்கிரம் வா, வண்டி கிளம்புது' என்றால் கேட்கமாட்டார்கள்.

பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தையொட்டியே கிழக்கில் நிலா எழும். கொடியிடை அம்மனைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது முழு நிலா மேலே ஏறியிருக்கும். அதன் பிறகு எந்த நிகழ்ச்சியும் இல்லை என்பதுதான் இந்த நாளின் அழகு. பிரசாதத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, கிளம்ப மனமில்லாமல் இன்னும் கொஞ்ச நேரம் உட்காரலாம். வீடு பக்கத்தில்தான்.

காபி இடைவேளை சொன்ன பாடம்

நிகழ்ச்சிகளைவிட இடைவேளைதான் முக்கியம் என்பதை வெளிநாட்டில் ஒருவர் வேறு விதமாகக் கண்டுபிடித்தார். அமெரிக்காவைச் சேர்ந்த ஹாரிசன் ஓவன் 1980-களில் ஒரு பெரிய மாநாட்டை ஒரு வருடம் உழைத்து ஏற்பாடு செய்தார். முடிந்த பிறகு, 'எது நன்றாக இருந்தது?' என்று பார்த்தால், வந்தவர்கள் சொன்னது காபி இடைவேளையை! அதாவது அவர் ஏற்பாடு செய்யாத ஒன்றை. அதிலிருந்துதான், தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் தீர்மானித்துவிட்டு நடுவில் என்ன பேசுவது என்பதை வந்தவர்களிடமே விட்டுவிடும் 'ஓப்பன் ஸ்பேஸ்' என்ற கூட்ட முறையை அவர் உருவாக்கினார்.

நமக்கு இது புதிதல்ல. பொங்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கல் வைக்க நல்ல நேரம் உண்டு. அதைத் தவறவிட மாட்டார்கள். ஆனால், காணும் பொங்கலுக்கு நேரமே கிடையாது. சொந்தக்காரர்களைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கட்டுச்சோற்றைக் கட்டிக்கொண்டு எங்கேயாவது போய் உட்கார வேண்டும். ஒரே பண்டிகைக்குள் நேரம் குறித்த நாளும் நேரம் குறிக்காத நாளும் அருகருகே இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால்தான் பொங்கல்.

யாருக்கு ஓய்வு?

'ஃப்ரீ டைம்' என்று எழுதிவிட்டால் எல்லோருக்கும் ஓய்வு கிடைத்துவிடாது. காலை 5 மணிக்கு வேன் என்றால், புளியோதரையும் தயிர்சாதமும் கட்ட வேண்டிய பெண்களுக்கு நாள் 3 மணிக்கே தொடங்கிவிடும். புளிக்காய்ச்சலும் கடலை வறுப்பதும் முந்தைய இரவு வேலை. மதியம் வீட்டுக்கு வந்து எல்லோரும் படுக்கும்போது, பாத்திரம் தேய்ப்பது யார்? நாலு மணிக்கு 20 பேருக்கு டீ போடுவது யார்? பட்டியலில் வராத இந்த வேலைகளால்தான் பல கூடல்கள், ஒரு சாராருக்கு விடுமுறையாகவும் இன்னொரு சாராருக்கு இரட்டை ஷிஃப்டாகவும் போய்விடுகின்றன.

ஆகவே, கோயில் நேரத்தை எழுதும் அதே தாளில் வேலைகளையும் பெயரோடு எழுதுவது நல்லது. காலை டிபன் மட்டும் வீட்டிலிருந்து, மதியம் பார்சல் என்று முடிவு செய்யலாம். இலை எடுப்பது, தண்ணீர் கேன், டீ ஆகியவற்றை ஆண்களும் வளர்ந்த பிள்ளைகளும் எடுத்துக்கொள்ளலாம். ஓய்வு நேரத்தில் அடுக்களைப் பக்கம் ஒருவரே நின்றுகொண்டிருந்தால், அந்த இடைவெளி சரியாகப் பங்கிடப்படவில்லை என்று அர்த்தம்.

பெரியவர்களுக்கும் இது பொருந்தும். மூட்டு வலிக்காரர்கள், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அடிக்கடி கழிப்பறை போக வேண்டியவர்கள் வாய்விட்டுக் கேட்கத் தயங்குவார்கள். 'என்னால லேட்டாகுதோ' என்ற பயத்திலேயே தண்ணீர் குடிக்காமல் வரும் பாட்டிகள் உண்டு. நாளில் இடைவெளி இருந்தால் அந்தப் பயம் குறையும்.

தேதி பிரச்னை: பூசலார் கதை

எத்தனை மணிக்கு என்பதற்கு முன்னால், என்றைக்கு என்ற கேள்வி இருக்கிறது. இதே மேற்கு லோக்கல் ரயில் பாதையில் ஆவடியைத் தாண்டி வரும் திருநின்றவூரில் இதற்கு ஒரு கதை உண்டு. சிவனுக்குக் கோயில் கட்டக் கையில் காசில்லாத பூசலார், மனத்துக்குள்ளேயே ஒவ்வொரு கல்லாக வைத்துக் கோயில் கட்டினார். குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சிபுரத்தில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலுக்கும் குடமுழுக்கு. இறைவன் மன்னனின் கனவில் தோன்றி, 'நாளை நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன். நீ வேறு நாள் வைத்துக்கொள்' என்றார். தேடி வந்த மன்னன் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோயிலின் முன் பணிந்தான். பூசலார் நினைவாக இன்றும் அங்கே இருதயாலீஸ்வரர் கோயில் இருக்கிறது. இந்தக் கதையைப் பெரியபுராணத்தில் எழுதிய சேக்கிழாரும் இதே மேற்குப் புறநகரில் உள்ள குன்றத்தூரில் பிறந்தவர்தான்.

வசதி குறைந்தவரின் தேதிக்காக மன்னன் தன் தேதியை மாற்றிக்கொண்டான். குடும்பக் கூடலிலும் அதே முறைதான் சரி. காரும் ஏ.சி.யும் வைத்திருப்பவர், நினைத்த நாளில் லீவு எடுக்க முடிந்தவர் சொல்லும் தேதிக்கு முன்னால், ஷிஃப்டில் இருப்பவர், தினக்கூலிக்குப் போகிறவர், பரீட்சை எழுதும் பிள்ளை ஆகியோரிடம் கேட்டுத் தேதி வைப்பது நியாயம். பௌர்ணமி வேலை நாளில் வந்து பாதிப்பேர் வர முடியாதென்றால், ஒரு விடுமுறை நாளில் இதே மூன்று கோயில்களுக்கும் போகலாம். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். சாதாரண நாட்களில் திருவொற்றியூரில் நடை சாத்துவதற்கு முன் போய்விட வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கோயில் வேண்டாம் என்கிறவர்களுக்கு

எல்லாக் குடும்பத்துக்கும் எல்லா நண்பர் கூட்டத்துக்கும் கோயில் பொருந்தாது. மூன்று நேரக் கணக்கு அவர்களுக்கும் உதவும். உதாரணத்துக்கு, ஆவடியில் உள்ள பருத்திப்பட்டு ஏரிப் பூங்காவில் நடைபாதையும் படகு சவாரியும் இருக்கின்றன. காலை நடை ஒன்று, எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் மதிய உணவு ஒன்று, மாலையில் குரூப் போட்டோவும் கேக்கும் ஒன்று. இவை மூன்றுக்கும் நேரம் சொன்னால் போதும். பள்ளி நண்பர்கள் 25 வருடம் கழித்துச் சந்திக்கும் நாளில் 'இப்போது சுய அறிமுகம், அடுத்து இசை நாற்காலி' என்று மைக்கில் அறிவித்துக்கொண்டே இருந்தால், பேச வந்தவர்கள் வாசலில் போய் நின்று பேசுவார்கள்.

அதற்காக விளையாட்டே வேண்டாம் என்பதில்லை. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கும் புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகளுக்கும், வெறும் இடைவெளி மட்டுமே இருந்தால் ஓரமாக உட்கார்ந்து போனைப் பார்க்க வேண்டியதாகிவிடும். எல்லோரும் சேர்ந்து செய்யும் ஏதாவது ஒன்று அவர்களை உள்ளே அழைத்து வரும். நேரம் குறித்த நிகழ்ச்சியின் வேலை அதுதான். ஆளை உள்ளே கொண்டுவந்து சேர்த்ததும் அது ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

கிளம்பும் முன்...

* கட்டாயம் வர வேண்டிய நேரங்கள் மூன்று மட்டும்: காலை 7 மேலூர், 11 மணிக்குத் திருவொற்றியூர் வரிசை, மாலை 5.30 திருமுல்லைவாயில். குரூப்பில் இவற்றை மட்டும் போடவும்.

* பௌர்ணமி நாளில் நடை திறப்பு நேரம் மாறக்கூடும். மூன்று கோயில்களிலும் முன்னதாக விசாரித்துக்கொள்ளவும்.

* வேன் இல்லாமலும் போகலாம். அம்பத்தூரிலிருந்து லோக்கல் ரயிலில் பேசின் பிரிட்ஜ் போய், கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறினால் மீஞ்சூர். அதே பாதையில் திரும்பினால் திருவொற்றியூர். மறுபடி பேசின் பிரிட்ஜில் மாறினால் அம்பத்தூர் வழியாகத் திருமுல்லைவாயில். மெட்ரோவில் வருகிறவர்களுக்குத் திருவொற்றியூர் தேரடி நிலையம் வசதி.

* வேன் டிரைவருக்கும் சாப்பாட்டு நேரம், ஓய்வு நேரம் உண்டு. அதையும் சேர்த்துத்தான் நாள்.

* கூடுதலாக ஓர் இடம் சேர்க்க ஆசை வந்தால், ஏற்கெனவே இருப்பதில் ஒன்றை எடுத்துவிட்டுச் சேர்க்கவும். திருவேற்காடு, மாங்காடு, குன்றத்தூர் எல்லாம் இந்தப் பக்கம்தான் இருக்கின்றன. அவற்றை அடுத்த கூடலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

* மதிய இடைவெளியில் போன் செய்து யாரையும் எழுப்ப வேண்டாம்!